எல்லாச் சர்க்கரையும் ஒரே சர்க்கரையா?

தஞ்சாவூர்ப் பக்கம் அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "சுகர் எவ்வளவு?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பதில் ஒரு எண். 140, 180, 220. அந்த எண்ணுக்குப் பின்னால் எல்லோருக்கும் இருப்பது ஒரே வியாதிதானா என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை. கூட்டம் வழியும் வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கும் அதைக் கேட்க நேரமிருப்பதில்லை.

இந்தக் கேள்வியை இப்போது கம்ப்யூட்டர் கேட்கத் தொடங்கியிருக்கிறது. துல்லிய மருத்துவம், செயற்கை நுண்ணறிவு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே நம் காதில் விழுகின்றன. இனிமேல் டாக்டரே வேண்டாம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வேலை என்று இன்னொரு சாரார். எனக்கு இரண்டு கட்சியிலும் சேர மனமில்லை. நான் காரைக்காலில் முப்பத்து நான்கு வருஷம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன். எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாகி, பதிவேடுகளோடேயே காலம் தள்ளியவன். அதனால் என் கவலை கொஞ்சம் வேறு மாதிரியானது. கம்ப்யூட்டர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதைவிட, அது எந்தப் பதிவேட்டைப் படித்துவிட்டு நமக்கு வைத்தியம் சொல்லப்போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

துல்லிய மருத்துவம் என்பது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். குறுவைக்கு ஆடுதுறை 43 போடுகிறோம். நீண்ட சம்பாவுக்கு சி.ஆர். 1009 போடுகிறோம். ஒன்று நூற்றுப் பத்து நாளில் அறுவடைக்கு வரும், மற்றது ஐந்து மாதத்துக்கு மேல் எடுக்கும். பட்டத்துக்கு ஏற்ற நெல், மண்ணுக்கு ஏற்ற உரம் என்று பார்க்காமல், எல்லா வயலுக்கும் ஒரே விதையைக் கொடுத்தால் விவசாயி சிரிப்பார். ஆனால் உடம்பு விஷயத்தில் மட்டும், சர்க்கரை என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே மாத்திரை அட்டை, ஒரே அறிவுரைத் தாள் என்பதைச் சாதாரணமாக ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

எனக்குப் பள்ளிப்படிப்பு பிரெஞ்சு வழியில். அதனால் வந்த நன்மைகளில் ஒன்று, க்ளோத் பெர்னார் என்ற பெயர் சின்ன வயதிலேயே அறிமுகமானது. நம் கல்லீரலே சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது என்று கண்டுபிடித்தவர் அவர்தான். பிற்பாடு பாண்டிச்சேரி ரோமன் ரோலான் நூலகத்தில் அவர் 1865-இல் எழுதிய பரிசோதனை மருத்துவ நூலை எடுத்துப் படித்தேன். அதில் சராசரியைக் கேலி செய்யும் இடம் ஒன்று உண்டு. ஓர் ஆராய்ச்சியாளர், பல நாட்டு ஜனங்களும் வந்துபோகும் ரயில் நிலையத்தின் சிறுநீர்த் தொட்டியிலிருந்து சிறுநீரை எடுத்துப் பரிசோதித்து, ஐரோப்பியரின் சராசரிச் சிறுநீர் இதுதான் என்று அறிவித்தாராம்! அப்படி ஒரு சிறுநீரை உலகத்தில் எந்த மனிதனும் கழித்ததில்லை என்பதுதான் வேடிக்கை. சராசரிக்கு வைத்தியம் செய்ய முடியாது, எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்குத்தான் செய்ய வேண்டும் என்பது பெர்னாரின் வாதம்.

அதே பிரான்ஸில் லான்ஸ்ரோ என்ற மருத்துவர் 1880 வாக்கில் மெலிந்தவரின் நீரிழிவு வேறு, பருத்தவரின் நீரிழிவு வேறு என்று பிரித்தார். அவருக்கு மிகமிக முன்பே நம் சரக சம்ஹிதையில், பருத்த நோயாளிக்கு ஒரு வழி, மெலிந்த நோயாளிக்கு வேறு வழி என்று சொல்லியிருக்கிறது. ஆக, யோசனை புதிதில்லை. ஆயிரக்கணக்கான பேருடைய பரிசோதனை எண்களை ஒரே மூச்சில் ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிதான் புதிது.

அந்தக் கருவி என்ன செய்தது? 2018-இல் ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட 8,980 பேரின் விவரங்களைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். வியாதி வந்தபோது வயது என்ன, உடல் எடை என்ன, இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது, சுரந்தது எவ்வளவு வேலை செய்கிறது என்பது போன்ற ஆறு விவரங்கள். கம்ப்யூட்டர் அவர்களை ஐந்து குழுவாகப் பிரித்தது. ஐந்திலும் வியாதியின் போக்கு வேறு வேறு. ஒரு குழுவுக்குச் சிறுநீரகம் சீக்கிரம் கெடுகிறது, இன்னொன்றுக்குக் கண்.

இந்தப் பிரிக்கும் வேலையை என் பாஷையில் சொல்கிறேன். தலைப்பே இல்லாத பத்தாயிரம் கோப்புகள் மேஜையில் கொட்டப்பட்டிருக்கின்றன. ஐந்து அடுக்காக அடுக்கு என்கிறார் அதிகாரி. முதலில் ஐந்து கோப்பைத் தனித்தனியாக வைத்து, மற்றதெல்லாம் எதற்கு நெருக்கமோ அதன் மேல் வைக்கிறோம். பிறகு ஒவ்வொரு அடுக்கின் நடுப்போக்கு என்ன என்று பார்த்து, அதற்குப் பொருந்தாததை எடுத்து வேறு அடுக்கில் போடுகிறோம். இடமாற்றம் நின்றுபோகும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவின் எளிய வகைகளில் இது ஒன்று. மாயமந்திரம் இல்லை. ஆனால் அத்தனை கோப்பையும் மனிதக் கையால் இப்படிப் புரட்ட முடியாது.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய செய்தி. இதே வேலையைச் சென்னையில் டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனில் டாக்டர் ஆர்.எம். அஞ்சனா முதலானோர் 19,084 இந்திய நோயாளிகளின் விவரத்தை வைத்துச் செய்து 2020-இல் வெளியிட்டார்கள். இடுப்புச் சுற்றளவு, ரத்தக் கொழுப்பு, சி-பெப்டைட் உட்பட எட்டு விவரங்கள். சி-பெப்டைட் என்பது கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது கூடவே வெளியாகும் பொருள். அதை அளந்தால், நம் உடம்பு சொந்தமாக எவ்வளவு இன்சுலின் தயாரிக்கிறது என்று தெரிந்துவிடும்.

நம்மவர்கள் நான்கு குழுவாகப் பிரிந்தார்கள். இன்சுலின் மிகக் குறைவாகச் சுரப்பவர்கள் ஒரு குழு. உடம்பு பருத்து, இன்சுலின் இருந்தும் வேலை செய்யாதவர்கள் இரண்டாவது. சுரப்பதும் குறைவு, சுரந்ததும் சரியாக வேலை செய்யவில்லை என்ற இரட்டைக் கஷ்டம் உள்ளவர்கள் மூன்றாவது. வயதான பிறகு மெதுவாக வருகிற, அதிகம் தொந்தரவு கொடுக்காத வகை நான்காவது. இதில் அந்த மூன்றாவது குழு ஸ்வீடன் பட்டியலில் இல்லவே இல்லை! சென்னைக்காரர்கள் புதிதாகக் கண்டது அது. அந்தக் குழுவுக்குக் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து அதிகம் என்றும் அவர்கள் கண்டார்கள்.

இதை நான் இரண்டு முறை படித்தேன். ஸ்வீடன் கம்ப்யூட்டரை அப்படியே விலைக்கு வாங்கி வந்து தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மூன்றாவது குழு ஆட்களை எல்லாம் ஏதோ ஒரு ஸ்வீடன் அடுக்கில் அது திணித்திருக்கும். திரையில் பார்க்கத் துல்லியமாகத்தான் இருந்திருக்கும். கோப்பு மட்டும் தப்பான அடுக்கில்.

நல்ல உதாரணமும் இருக்கிறது. கண் திரையைப் படமெடுத்துப் பார்த்து, சர்க்கரையால் வந்த பாதிப்பைச் சொல்லும் கூகுள் கம்ப்யூட்டருக்கு, 2016-இல் வெளியான ஆய்வில் சுமார் 1,28,000 படங்களைக் காட்டிப் பழக்கினார்கள். அமெரிக்கப் படங்களோடு அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா போன்ற நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் படங்களும் அதில் உண்டு. அது நம் கண்களையும் பார்த்துப் படித்த கருவி. அதனால் பிறகு அதை மதுரைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு நாம் அந்நியர்களாக இல்லை. ஆனால் அதே வகைக் கருவியைத் தாய்லாந்துக் கிராமப்புற கிளினிக்குகளில் வைத்தபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. அறையில் வெளிச்சம் போதவில்லை, நர்ஸுக்கு அவசரம். கருவியில் கோளாறு இல்லை. அதற்குப் போய்ச் சேர்ந்த பதிவில்தான் கோளாறு.

சரி, சென்னை ஆய்வோடு நம் பிரச்சினை தீர்ந்ததா என்றால், முழுக்கத் தீரவில்லை. அந்த 19,084 பேரும் தனியார் நீரிழிவு மையங்களுக்கு வந்தவர்கள். அதாவது, அங்கே போய்வர வசதி உள்ளவர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் கூலிப் பெண்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்?

என் மனைவியின் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம், குடமுருட்டிக் கரையில். அங்கே வயல் வேலைக்கு வரும் ஓர் அம்மாளுக்கு நாற்பது வயதுக்குள் சர்க்கரை வந்துவிட்டது. காற்றடித்தால் சாய்ந்துவிடுவது போன்ற உடம்பு. ஏதோ ஒரு முகாமில் கொடுத்த அறிவுரைத் தாளைக் கொண்டுவந்து என்னைப் படிக்கச் சொன்னார். எடையைக் குறைக்கவும், சோற்றைக் குறைக்கவும், தினமும் நடக்கவும் என்று இருந்தது. படித்தேன். "எடைய கொறைக்கணும்னா எங்கிட்ட கொறைக்க என்னங்கய்யா இருக்கு?" என்று கேட்டார். விடிந்ததிலிருந்து சேற்றில் நிற்பவரிடம் நடக்கச் சொல்கிறது தாள்! எனக்குச் சர்க்கரை வந்தது அறுபத்தொன்றாம் வயதில், நாற்காலி கொடுத்த தொப்பையோடு. எனக்கும் அச்சு அசலாக இதே வாசகங்கள் கொண்ட தாளைத்தான் வேறோர் இடத்தில் கொடுத்திருந்தார்கள். எனக்கு அது சரியான தாள்.

அரிசியைப் பற்றிய அறிவுரையும் தப்பென்று சொல்லவில்லை. 21 நாடுகளில் 1,32,373 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020-இல் வெளியான ஆய்வு, நாளுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை வரும் ஆபத்து அதிகம் என்றும், தெற்காசியாவில்தான் அது மிக அதிகம் என்றும் சொல்கிறது. ஊருக்குப் பொதுவாகச் சொல்ல அது நல்ல புத்திமதி. ஆனால் அந்த அம்மாளுக்குச் சோற்றைக் குறை என்று சொல்பவர், அதன் இடத்தில் என்ன சாப்பிடுவது, யார் வாங்கிக் கொடுப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி மெலிந்த உடம்புக்காரர்களுக்கு என்றே பதிவேட்டில் ஒரு கட்டம் ஒரு காலத்தில் இருந்தது. 1985-இல் உலக சுகாதார நிறுவனம் ஊட்டக்குறைவோடு சேர்ந்த நீரிழிவு என்று தனி வகையை அங்கீகரித்தது. 1999-இல் போதிய ஆதாரமில்லை என்று அதை நீக்கிவிட்டது. கட்டத்தை நீக்கியதால் ஆட்கள் நீங்கிவிடவில்லை. அவர்களை வேறு கட்டத்தில் எழுதினார்கள், அவ்வளவுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்டவர்களின் உடம்பில் நடப்பது முதல் வகையும் இல்லை, நாம் வழக்கமாகச் சொல்லும் இரண்டாம் வகையும் இல்லை என்று காட்டியது. இன்சுலின் சுரப்பதுதான் குறைவு, சுரந்தது நன்றாகவே வேலை செய்கிறது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் இதற்கு ஐந்தாம் வகை நீரிழிவு என்று பெயர் கொடுத்தது. கட்டம் இல்லாமல் போன காலம் கால் நூற்றாண்டு. அந்தக் காலத்துப் பதிவேடுகளைத்தான் இப்போது கம்ப்யூட்டருக்குப் பாடமாகக் கொடுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

கட்டம் இல்லாதது ஒரு ஆபத்து என்றால், தப்பான கட்டத்தைப் பார்ப்பது இன்னொரு ஆபத்து. அமெரிக்காவில், எந்த நோயாளிக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர் முறை வைத்திருந்தார்கள். அது வியாதியின் கடுமையை நேரடியாகப் பார்க்காமல், அந்த ஆளுக்கு ஆகும் வைத்தியச் செலவை வைத்துக் கணித்தது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்பட்ட தொகை குறைவாக இருந்ததால், அவர்களுக்கு வியாதி குறைவு என்று அது முடிவுகட்டியது. 2019-இல் சயன்ஸ் பத்திரிகையில் இதை அம்பலப்படுத்தினார்கள். தப்பைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தகுதி பெறும் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று கணக்கிட்டார்கள். குடமுருட்டிக் கரை அம்மாளின் வைத்தியச் செலவு வருஷத்துக்கு என்ன இருக்கும்? பஸ் கட்டணத்தைச் சேர்த்தாலும் சொற்பம். அந்த மாதிரிக் கம்ப்யூட்டர் அவரை மகா ஆரோக்கியசாலி என்று சொல்லிவிடும்.

நியாயமான ஆட்சேபணை ஒன்றும் உண்டு. எத்தனை குழுவாகப் பிரித்தாலும் கடைசியில் கொடுக்கிற மருந்துகள் ஏறக்குறைய அதேதானே, பின் எதற்கு இந்தக் கூத்து என்பது. இதில் உண்மை இருக்கிறது. குழுவைப் பார்த்து மருந்து கொடு என்று எந்தச் சட்டமும் இன்னும் வரவில்லை. வருஷங்கள் போகப்போக ஒருவரே ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும் உண்டு. ஆனால் யாருக்கு இன்சுலினைத் தள்ளிப்போடக் கூடாது, யாருடைய கண்ணை முதல் வருஷத்திலிருந்தே கவனிக்க வேண்டும், யாரிடம் எடையைக் குறைக்கச் சொல்லக் கூடாது என்ற மூன்றையும் இப்போதே சொல்ல முடியும். இவை சின்ன விஷயங்கள் இல்லை. பார்வையும் சிறுநீரகமும் போனால் கூலிக்காரர் குடும்பம் அதோடு உட்கார்ந்துவிடும்.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை. என் பிறந்த ஊரான காரைக்கால் சேர்ந்திருக்கும் புதுச்சேரியில் 26.3 சதவீதம். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம்! இத்தனை பேருக்கும் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு குமாஸ்தா கேட்கக்கூடியதைத்தான் கேட்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. தன்னார்வலர்களான பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். இத்தனை வாசற்படி ஏறும் பதிவேடு உலகத்தில் அதிகம் இருக்காது. அவர்கள் கையில் ஒரு அளவு நாடா இருக்கட்டும். வியாதி கண்டுபிடித்த வயது, அப்போதைய எடை, இடுப்புச் சுற்றளவு, வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தைப் பருவமா என்ற நான்கு கட்டங்களை ஒழுங்காக நிரப்பட்டும். நாற்பது வயதுக்குள் சர்க்கரை வந்தவர்களுக்கும், மெலிந்தவர்களுக்கும் மட்டுமாவது ஒரு முறை சி-பெப்டைட் பரிசோதனையை மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யட்டும். நிரப்புகிற பெண்ணுக்கு நேரமும் மரியாதையும் நியாயமான சம்பளமும் கொடுக்க வேண்டும். அவசரத்தில் முந்தைய மாத எண்ணையே எழுதி வைக்கும் நிலைமைக்கு அவரைத் தள்ளினால், பின்னால் எத்தனை கோடி ரூபாய்க்குக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் பிரயோஜனமில்லை. அப்படிச் சேர்த்த விவரம் யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது என்று அந்த அம்மாளுக்குப் புரியும் தமிழில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். கைரேகை வாங்கிக்கொண்டால் சம்மதம் ஆகிவிடாது.

அரசாங்கம் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை எந்த வயதில் தெரிந்தது, அப்போது எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு, இடுப்பு எத்தனை அங்குலம், வீட்டில் யார் யாருக்கு உண்டு, கண் கடைசியாக எப்போது பார்த்தது, சிறுநீரில் புரதமும் ரத்தத்தில் கிரியேட்டினினும் எப்போது பார்த்தது என்று தேதியோடு எழுதுங்கள். கண்ணும் சிறுநீரகமும் பார்த்து ஒரு வருஷம் தாண்டியிருந்தால் இந்த வாரமே போங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை மேஜையில் வையுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்பவர், வயலுக்கு வருபவர் யாருக்காவது சர்க்கரை இருந்து எழுதத் தெரியாவிட்டால், அவருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். குடமுருட்டிக் கரை அம்மாளுக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் அவர் எடை 38 கிலோ என்று முதல் வரியிலேயே, கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கிறது.